இடியப்பத்துக்குப் பொறுப்பான கவுன்சில் எது?

வடமேற்கு லண்டனில் ஏ5 வீதிதான் எல்லை. பர்ன்ட் ஓக் பக்கம் அந்த வீதியின் கிழக்கே கடை வைத்திருப்பவர் பார்னெட் கவுன்சிலுக்குக் கீழே வருகிறார். மேற்கே இருப்பவர் பிரென்ட். இன்னும் கொஞ்சம் வடக்கே நடந்தால் அதே மேற்குப் பக்கம் ஹாரோ. லண்டன் முழுவதிலும் 32 பரோக்கள், அதாவது தனித்தனிக் கவுன்சில் உள்ள நகரப் பிரிவுகள், அவற்றோடு சிட்டி ஆஃப் லண்டன். ஒரு சில பரோக்கள் சேர்ந்து ஒரே பிரிவாக வேலை செய்தாலும், பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனி உணவுச் சுகாதாரப் பிரிவு, தனி உத்தியோகத்தர்கள். சட்டப் புத்தகம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை வாசித்து விளங்கிக்கொண்டு கடை வாசலுக்கு வருகிற ஆள்தான் இடத்துக்கு இடம் மாறுகிறார்.

நான் கணக்கு எழுதுபவள். எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடைகள், டேக் அவேகள், சமைத்துப் பொதி செய்து விற்கும் குடும்பங்கள் என்று சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு வாட் கணக்கும் ஆண்டுக் கணக்கும் செய்து கொடுப்பது என் தொழில். கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தாலும் அதையும் என் மேசைக்குத்தான் கொண்டுவருவார்கள். வரிக்குச் சம்பந்தமில்லாத கடிதம் என்று திருப்பிக் கொடுக்க மனம் வராது. வாசித்து விளங்கப்படுத்துவேன். அப்படி வாசித்ததில்தான் ஒன்று தெரிந்தது. ஒரு கவுன்சில் முறைப்படி கொடுத்த ஆலோசனையை மற்றக் கவுன்சில்கள் மதித்தே ஆகவேண்டும் என்று இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. எங்கள் கடைக்காரர்களில் அதைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் இடியப்பம்.

என் மச்சாள் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறாள். விடிவதற்கு முன் அவித்து, ஆறவிட்டு, தட்டில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, காலையிலேயே வேனில் ஏற்றிவிடுவாள். அவளுடைய தட்டுகள் பல பரோக்களில் உள்ள கடைகளுக்குப் போகின்றன. கடைகளில் அவற்றைக் காசாளர் மேசைக்குப் பக்கத்தில் வெளியிலேயே வைப்பார்கள். மத்தியானத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஒரு கவுன்சிலில் இருந்து வந்த உத்தியோகத்தர் பார்த்துவிட்டு, இது பாண் மாதிரியான சாமான், அன்றன்று விற்றுமுடிக்கிறீர்கள், வெளியில் வைக்கலாம் என்றார். இன்னொரு பரோவில் வந்தவர், இது ஈரப்பதமுள்ள, அவித்த தானிய உணவு, சோறு மாதிரிப் பார்க்கவேண்டும், 8 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிரில் வைக்காமல் விற்கக்கூடாது என்றார். மூன்றாவது இடத்தில், நான்கு மணித்தியாலம் வெளியில் வைக்கலாம், ஆனால் எத்தனை மணிக்கு வெளியே எடுத்தீர்கள் என்று எழுதிவைக்கவேண்டும் என்றார்கள். மூன்று பேரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். மூன்று பேர் சொன்னதற்கும் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதுதான் மச்சாளைக் குழப்பியது.

சட்டம் சொல்வது இதுதான். இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, சுகாதார ஒழுங்குவிதிகளில் நான்காவது அட்டவணை முழுக்க வெப்பநிலையைப் பற்றியது. நோய்க்கிருமி வளரக்கூடிய அல்லது நஞ்சு உருவாகக்கூடிய உணவை 8 பாகைக்கு மேலே வைக்கக்கூடாது என்பது பொதுவிதி. அதற்கு விலக்குகள் இருக்கின்றன. விற்கும் காலம் முழுவதும் சாதாரண வெப்பநிலையில் வைத்தாலும் உடலுக்குக் கேடு வராத உணவு அந்த விதிக்குள் வராது. பரிமாறவோ காட்சிக்கு வைக்கவோ ஒரே ஒரு தடவை, நான்கு மணித்தியாலத்துக்கு உட்பட்டு வெளியில் வைக்கலாம். மூன்றாவது ஒன்றும் உண்டு, பலரும் அறியாதது. உணவைத் தயாரிப்பவர், நன்கு ஆதாரமுள்ள விஞ்ஞான மதிப்பீடு ஒன்றைக் கையில் வைத்திருந்தால், 8 பாகையைவிடக் கூடிய ஒரு வெப்பநிலையை இவ்வளவு காலத்துக்கு என்று சிபாரிசு செய்யலாம்.

இடியப்பம் இவற்றில் எதற்குள் வருகிறது? பாண் என்று சொன்னவர் முதலாவதை எடுத்தார். மணித்தியாலம் எழுதச் சொன்னவர் இரண்டாவதை எடுத்தார். குளிரில் வை என்றவர் பொதுவிதியில் நின்றார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். அரிசியிலும் மாவிலும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். அவித்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. இளஞ்சூட்டில் ஈரத்தோடு கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அது உண்டாக்குகிற வாந்தி நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சோற்றை ஆறவிட்டு வைப்பதில் இங்கே இவ்வளவு கண்டிப்பு இருப்பதற்குக் காரணம் இதுதான். இடியப்பத்தைப் பார்த்து ஒருவருக்குச் சோறு நினைவுக்கு வந்தால் அது நியாயமான பயம்.

ஆனால் இடியப்பத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். விறைத்துப்போகும். ஓரங்கள் கம்பி மாதிரி வரும். அந்தப் பரோவில் உள்ள கடைகள் மச்சாளிடம் எடுப்பதை நிறுத்திவிட்டன. அடுத்த பரோவில் அதே தட்டு வெளியில் விற்றுக்கொண்டிருந்தது. வாடிக்கையாளரின் வயிறு பரோ எல்லை பார்த்துக் கெடுவதில்லையே. ஆபத்து என்றால் எல்லா இடமும் ஆபத்து. இல்லையென்றால் எங்கும் இல்லை. இதைத் தீர்க்கும் ஒரே பதில் ஆய்வுகூடத்தில் இருந்துதான் வரமுடியும். வந்த பதிலை எல்லாக் கவுன்சிலும் ஒரே மாதிரி ஏற்கவும் வேண்டும்.

இந்தத் தொல்லை எங்களோடு தொடங்கியதில்லை. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் எங்களுக்கு வெகு முன்பே இதே சுவரில் முட்டிக்கொண்டவை. 1978இல் உள்ளூராட்சிகள் தாங்களே சேர்ந்து லக்கோட்ஸ் என்று ஓர் ஒருங்கிணைப்பு அமைப்பை வைத்தன. டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ், அதாவது லேபிள், வயது பார்த்து விற்பது போன்ற வியாபார விதிகளைக் கவனிக்கும் வேலைகளில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்கவேண்டும் என்பதற்காக வந்தது. பிறகு உணவையும் சேர்த்துக்கொண்டு, லக்கோர்ஸ் என்று பெயரும் மாறியது. 'ஹோம் அதாரிட்டி' என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் வந்தது. ஒரு நிறுவனத்தின் தலைமையகம் எந்தக் கவுன்சிலில் இருக்கிறதோ, அந்தக் கவுன்சில் அதற்கு ஆலோசனை சொல்லும். மற்றவர்கள் நடவடிக்கைக்கு முன் அதனிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முழுக்க நல்லெண்ணத்தில் நடந்தது. கேட்காமல் நடவடிக்கை எடுத்தால் தடுக்கச் சட்டம் இருக்கவில்லை.

2005இல் பிலிப் ஹாம்ப்டன் என்பவர் அரசாங்கத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். அதில் அவர் எண்ணிக் காட்டியது: நாடு தழுவிய ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் 63, அவற்றோடு உள்ளூராட்சிகள் 468. ஒரு வியாபாரி இத்தனை பேரோடும் எப்படிக் கதைப்பது என்ற கேள்வி அந்த அறிக்கைக்குப் பிறகு பெரிதாகியது. 2008இல் ஒழுங்குமுறை அமலாக்கம், தண்டங்கள் பற்றிய சட்டம் வந்தது. அதன் இரண்டாவது பகுதியின் தலைப்பே அமலாக்கத்தை ஒருங்கிணைப்பதைப் பற்றியது. நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்: ஒரு வியாபாரி ஒரு கவுன்சிலைத் தன் முதன்மை ஆலோசகராக வைத்துக்கொள்ளும் 'பிரைமரி அதாரிட்டி' திட்டம் அங்கேதான் இருக்கிறது. 2009 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதைக் கவனிக்கும் மத்திய அலுவலகத்தின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப மாறிவிட்டது. முதலில் பர்மிங்ஹாமில் ஒன்று, 2012இல் இன்னொன்று, 2018இல் இருந்து ஆஃபிஸ் ஃபார் ப்ராடக்ட் சேஃப்டி அண்ட் ஸ்டாண்டர்ட்ஸ். பெயர்களை நினைவில் வைக்கவேண்டிய தேவை இல்லை. திட்டம் அப்படியே தொடர்கிறது.

தொடக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கவுன்சில் பகுதிகளில் வியாபாரம் செய்பவர்கள் மட்டுமே இதில் சேரலாம் என்று இருந்தது. அந்தக் காலத்தில் இது பெரிய நிறுவனங்களின் விஷயம் என்று எல்லோருக்கும் பதிந்துவிட்டது. 2013 அக்டோபரில் வியாபாரச் சங்கங்களும் ஃபிரான்சைஸ் வலையமைப்புகளும் தங்கள் உறுப்பினர்களுக்காக ஒரு குழுவாகச் சேர வழி வந்தது. 2017 அக்டோபர் 1ஆம் திகதியில் இருந்து ஒரே ஒரு கடை வைத்திருப்பவரும் சேரலாம். இன்னும் கதவே திறக்காத, தொடங்கப்போகிற வியாபாரமும் சேரலாம். இவ்வளவு காலமாகத் திறந்தே இருக்கும் வழி இது. எங்கள் பக்கம் யாரும் அதால் போகவில்லை.

அதன் பலம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஒரு கவுன்சிலோடு பிரைமரி அதாரிட்டியாக ஒப்பந்தம் செய்கிறீர்கள் என்று வைப்போம். அது உங்கள் சொந்தக் கவுன்சிலாக இருக்கவேண்டும் என்று இல்லை. உங்கள் தொழிலை விளங்கிய, விருப்பமுள்ள எந்தக் கவுன்சிலாகவும் இருக்கலாம். மத்திய அலுவலகம் பார்த்து ஒப்புதல் கொடுத்ததும் அது பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. அந்தக் கவுன்சில் உங்கள் தொழிலை நேரில் பார்த்து, நீங்கள் கேட்ட விஷயத்தில் முறைப்படி ஓர் ஆலோசனை தருகிறது. பிறகு வேறொரு கவுன்சிலின் உத்தியோகத்தர் வந்து, அந்த விஷயத்தில் உங்களுக்கு இம்ப்ரூவ்மென்ட் நோட்டீஸ், அதாவது பிழையைத் திருத்தச் சொல்லும் கட்டளை, கொடுக்கவோ வழக்குப் போடவோ நினைத்தால், நினைத்தவுடன் செய்யமுடியாது. முதலில் உங்கள் பிரைமரி அதாரிட்டிக்கு அறிவிக்கவேண்டும். அதற்கு ஐந்து வேலைநாள் அவகாசம். நாங்கள் கொடுத்த ஆலோசனைப்படிதான் இவர் நடந்திருக்கிறார், உங்கள் நடவடிக்கை அதற்கு முரண் என்று கண்டால், அந்த நடவடிக்கையை எடுக்கவேண்டாம் என்று பணிக்கும் அதிகாரம் பிரைமரி அதாரிட்டிக்கு உண்டு. மற்றக் கவுன்சில் ஏற்காவிட்டால் விஷயம் அமைச்சர் மட்டத்துத் தீர்மானத்துக்குப் போகும். கடைக்காரர் நடுவில் நின்று இருவரிடமும் மாறிமாறி விளக்கம் சொல்லவேண்டிய நிலை வராது. இரண்டு கவுன்சில்களும் தங்களுக்குள் கதைத்துத் தீர்க்கவேண்டும்.

இதைவிட நல்ல பாதுகாப்பு ஒரு சிறு வியாபாரிக்கு இந்த நாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எல்லையும் உண்டு, அதையும் நேராகச் சொல்லவேண்டும். யாருக்கும் உடனே கடும் தீங்கு வரும் என்றால் கவுன்சில் ஐந்து நாள் பொறுக்காது, பொறுக்கவும் கூடாது. குசினியில் எலி ஓடினால் எந்த ஆலோசனையும் காப்பாற்றாது. எழுதிக் கொடுத்த ஆலோசனைப்படி நீங்கள் நடக்காவிட்டாலும் பாதுகாப்பு இல்லை. கடைக் கண்ணாடியில் ஒட்டும் 0 முதல் 5 வரையான சுகாதார எண்ணைக் கொடுப்பது, வந்து பார்க்கும் கவுன்சிலின் வேலை. அதில் உடன்பாடு இல்லையென்றால் 21 நாட்களுக்குள் அந்தக் கவுன்சிலிடமே மேன்முறையீடு செய்யவேண்டும். அந்த 21 நாளில் சனி, ஞாயிறும் சேரும். இதைத் தவறவிட்டு வருபவர்கள் மிகப் பலர். அதனால்தான் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

லண்டனுக்கு வெளியே இன்னொரு சிக்கல் வரும். வேன் ஏ5இல் இருந்து வாட்ஃபோர்ட் பக்கம் திரும்பினால் ஹார்ட்ஃபோர்ட்ஷயர். அங்கே உள்ளூராட்சி இரண்டு அடுக்கு. உணவுச் சுகாதாரம் வாட்ஃபோர்ட் பரோ கவுன்சிலுக்கு, டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் கவுன்டி கவுன்சிலுக்கு. அதாவது இடியப்பத் தட்டு எந்தச் சூட்டில் இருக்கிறது என்று பார்ப்பவர் ஒருவர், தட்டின் மேல் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர் வேறொருவர். தீயணைப்புப் பாதுகாப்புக்கு இன்னும் ஓர் ஆள். ஒரே கடைக்கு மூன்று அலுவலகம். இதை விளங்காமல், கவுன்சில் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது, எல்லாம் சரி என்று ஒரு அண்ணா என்னிடம் சொன்னார். வந்து போனவர் சுகாதாரக்காரர். லேபிளை அவர் பார்க்கவே இல்லை.

லேபிள் என்றதும் ஒவ்வாமை. 2021 அக்டோபரில் இருந்து, விற்கும் இடத்திலேயே பொதி செய்து வைக்கும் உணவுக்கும் முழுச் சேர்மானப் பட்டியல் வேண்டும். அதில் 14 ஒவ்வாமைப் பொருட்களைத் தடித்த எழுத்து மாதிரி தனித்துத் தெரியும்படி காட்டவேண்டும். 2016இல் பாணுக்குள் இருந்த எள்ளால் உயிரிழந்த நட்டாஷா என்ற சிறுமியின் பெயரால் அந்தச் சட்டத்தை அழைக்கிறார்கள். வேறு கடைகளுக்குப் பொதி செய்து போடுபவருக்கு இந்தக் கடமை அதற்கு முன்பிருந்தே உண்டு. எங்கள் சாப்பாட்டில் இந்தப் பதினான்கு எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று எங்களுக்குத்தான் தெரியும். இடியப்பம் அரிசி என்று மற்றவர்கள் நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தார் பலர் அவித்த கோதுமை மாவும் கலப்போம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா இருக்கும். கட்டைச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு, அது மீன். தாளிதத்தில் கடுகு. நல்லெண்ணெய் என்றால் எள். மிக்சரில் கச்சான். இதையெல்லாம் ஒவ்வொரு கவுன்சிலிலும் ஒவ்வொரு உத்தியோகத்தருக்கும் முதலில் இருந்து விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறோம். மாசி என்றால் என்ன என்று ஒரு தடவை ஒரு கவுன்சிலுக்கு வடிவாக விளங்கப்படுத்தி, அது எழுதிய ஆலோசனையை எல்லோரும் பயன்படுத்தினால் எவ்வளவு நேரம் மிஞ்சும்!

கடை வாசலில் இருக்கும் சூட்டுப் பெட்டியும் அப்படித்தான். றோல்ஸ், பட்டிஸ், வடை வைத்திருப்போமே, அது 63 பாகைக்குக் குறையக்கூடாது என்பது இங்கிலாந்துச் சட்டம். ஒரே தடவை, இரண்டு மணித்தியாலத்துக்கு உட்பட்டுக் குறைந்திருந்தால் சட்டம் மன்னிக்கும், ஆனால் எப்போது குறைந்தது என்று காட்ட உங்களிடம் குறிப்பு இருக்கவேண்டும். சில இடங்களில் அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி யாரும் கடைக்காரருக்குச் சொல்வதே இல்லை. ஆட்டிறைச்சி றோல்ஸை மொத்தமாகப் பல கடைகளுக்குப் போடுவதென்றால் கவுன்சில் பதிவு போதுமா, தனி அப்ரூவல் எடுக்கவேண்டுமா என்பது இன்னும் பெரிய கேள்வி. இதற்கும் எழுத்தில் ஒரு பதில் வாங்காமல் புது இயந்திரம் வாங்காதீர்கள் என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வேன்.

ஆனால் எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. கேட்டால் வந்து பார்ப்பார்கள், பார்த்தால் பிழை பிடிப்பார்கள், பிடித்தால் மூடுவார்கள் என்ற பயம். உத்தியோகம் என்றாலே ஒதுங்கி நின்ற ஒரு தலைமுறை இது. அவர்கள் எங்கிருந்து, எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கமாட்டேன். ஆனால் இந்த நாட்டில் 2014 ஏப்ரலில் வந்த ரெகுலேட்டர்ஸ் கோட் என்ற நடத்தைக் கோவை இதைப் பற்றியே கதைக்கிறது. ஆலோசனை கேட்டால் நடவடிக்கை வரும் என்ற பயம் இல்லாமல் வியாபாரி கேட்கக்கூடிய சூழலை அலுவலகங்கள் உண்டாக்கவேண்டும் என்கிறது. எது சட்டத் தேவை, எது அதற்கு மேலான நல்ல பழக்கம் என்று பிரித்துச் சொல்லவேண்டும் என்கிறது. இன்னொரு அலுவலகம் ஏற்கெனவே வேறு ஆலோசனை கொடுத்திருந்தால், அந்த அலுவலகத்தோடு கதைத்து ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டும் என்றும் சொல்கிறது. உத்தியோகத்தர் ஒருவர் ஏதாவது செய்யச் சொன்னால், "இது சட்டமா, உங்கள் சிபாரிசா? எழுதித் தருவீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அது எதிர்த்துக் கதைப்பது ஆகாது. நல்ல உத்தியோகத்தர்கள் அந்தக் கேள்வியை விரும்புவார்கள்.

கவுன்சில்களின் நிலையையும் பார்க்கவேண்டும். 2010க்குப் பிறகு அவற்றின் பணம் வெகுவாகச் சுருங்கியது. சுகாதாரப் பிரிவில் ஆட்கள் குறைந்தார்கள். முன்பு இலவசமாக நின்று விளக்கம் சொன்னவர்களுக்கு இப்போது அடுத்த கடைக்கு ஓடவேண்டும். பல இடங்களில் ஆலோசனைக்குக் கட்டணம். இந்த நெருக்கடியில் இடியப்பம் என்றால் என்ன என்று ஒவ்வொரு பரோவிலும் ஒருவர் தனியாகப் படிப்பது அவர்களுக்கும் வீண். பிரைமரி அதாரிட்டிக்குச் செலவை வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, லாபம் வைக்கக்கூடாது. அந்தப் பணம் ஓர் உத்தியோகத்தர் உட்கார்ந்து ஒழுங்காகப் படிப்பதற்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

அந்தச் செலவை மச்சாள் தனியாகத் தாங்கமாட்டாள். வேறொரு காரணத்தாலும் அவள் தனியாகச் சேர்வது போதாது. அவள் பெறும் ஆலோசனை அவளுடைய தயாரிப்பைக் காக்கும். தட்டை வாங்கி விற்கும் கடைக்காரர் சட்டப்படி வேறு வியாபாரி. நோட்டீஸ் அவருடைய பெயரில் வந்தால் மச்சாளின் ஒப்பந்தம் அவருக்குக் குடை பிடிக்காது. தயாரிப்பவரும் விற்பவரும் ஒரே குழுவுக்குள் இருக்கவேண்டும்.

அதனால்தான் சங்கம். எங்களிடம் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் சபை, வணிகர் சங்கம். அவற்றில் ஒரு வணிகர் சங்கம் முன்வந்து ஒருங்கிணைப்பாளராக நின்றால், தன் உறுப்பினர்கள் எல்லோருக்குமாக ஒரே ஒப்பந்தம் செய்யலாம். இது கற்பனை ஏற்பாடு இல்லை. மூலைக்கடைகளின் தேசியச் சங்கமான அசோசியேஷன் ஆஃப் கன்வீனியன்ஸ் ஸ்டோர்ஸ், சரே, பக்கிங்ஹாம்ஷயர் பகுதிகளின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவோடு இப்படித்தான் சேர்ந்து, வயது பார்த்து விற்கவேண்டிய சாமான்கள் போன்றவற்றில் உறுப்பினர்களுக்கு ஆலோசனை வாங்கிக் கொடுக்கிறது. எங்கள் கடைக்காரர்கள் சிகரெட், மதுபானம், கத்தி விற்பதைப் பற்றி அங்கிருந்தே நிறைய எடுத்துக்கொள்ளலாம். இடியப்பத்தையும் மாசிச் சம்பலையும் பற்றி யாரும் எங்களுக்காகக் கேட்கமாட்டார்கள். அதை நாங்கள்தான் கேட்கவேண்டும்.

ஒருங்கிணைப்பாளரின் வேலை பெரிய வேலை இல்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். யார் யார் குழுவில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை எப்போதும் சரியாக வைத்திருந்து, கேட்டால் கொடுக்கவேண்டும். கவுன்சில் எழுதிய ஆலோசனை ஒவ்வொரு கடைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவேண்டும். தமிழில் விளங்கப்படுத்த வேண்டிய இடத்தில் விளங்கப்படுத்தவேண்டும். ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டு, கணக்கும் காட்டுகிற ஆட்கள் எங்களிடம் இருக்கிறார்கள். இதைச் செய்ய அவர்களால் முடியாது என்று நான் நம்பவில்லை.

ஒரு வணிகர் சங்கத்தின் பொருளாளரோடு இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருக்கிறேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ஆய்வுகூடச் செலவை யார் கட்டுவது? நியாயமான கேள்வி. ஒரு கவுன்சிலை அணுகும்போது கையில் எதுவும் இல்லாமல் போகமுடியாது. எங்கள் இடியப்பத்தின் ஈரப்பதம் எவ்வளவு, அவித்து எத்தனை மணித்தியாலத்தில் கிருமி எண்ணிக்கை எப்படி மாறுகிறது, வெயில் நாளில் வேனுக்குள் எத்தனை பாகை வருகிறது என்று அளந்து காட்டவேண்டும். அரிசி மா மட்டும் போட்டதற்கும் கோதுமை மா கலந்ததற்கும் தனித்தனியாக. சோதனையில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது என்று வந்தாலும் வரலாம். அப்படி வந்தால் மச்சாள் அவிக்கும் நேரத்தையும் வேன் ஓடும் நேரத்தையும் மாற்றத்தான் வேண்டும். அதற்கு அவள் தயார். இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று இல்லாமல் ஒரே பதிலாக இருந்தால் போதும் என்கிறாள்.

இடியப்பம் அவித்துக் கடைக்குப் போடுபவர்கள் வேறு யாராவது இதை வாசித்தால், கவுன்சில் உங்களுக்கு எழுத்தில் தந்த பதில் ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் விட்டுச் சென்ற பார்வைக் குறிப்புத் தாளாக இருந்தாலும் போதும். கவுன்சிலின் பெயரை மறைத்துவிட்டு அனுப்பினாலும் பரவாயில்லை, திகதியும் என்ன சொன்னார்கள் என்பதும்தான் தேவை. எத்தனை விதமான பதில்கள் வந்திருக்கின்றன என்று சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மேசையில் வைத்துக் காட்டினால், செலவைப் பற்றிய பேச்சு அங்கிருந்து தொடங்கலாம்.